விளம்பரத்தில் எழுதாத இரண்டு பாகங்கள்

"ஐ7 பிராசஸர், 16 ஜிபி ராம், 512 ஜிபி எஸ்எஸ்டி, 2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ் எல்லாம் சேர்த்து இருபதாயிரத்துக்குள்." இந்த வகை விளம்பரம் கண்ணில் படாமல் இன்று யாரும் கணினி வாங்க இறங்க முடியாது. சென்னை ரிச்சி தெருவில் ஏறி இறங்கி விசாரித்தாலோ, புதிய ஐ5 பிராசஸர் ஒன்றே அந்தத் தொகையில் பாதியை விழுங்கிவிடுகிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

குழப்பத்தைக் கூட்ட வேறு இரண்டு செய்திகளும் வந்து சேர்ந்தன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. ஓடிக்கொண்டிருந்த கணினியை மாற்ற வேண்டிய கட்டாயம் பல வீடுகளுக்கு வந்தது. அதே ஆண்டின் கடைசி மாதங்களில், கணினியின் தற்காலிக நினைவகமான ராமின் விலை தாறுமாறாக ஏறி, குறுகிய காலத்திலேயே இரு மடங்கைத் தாண்டியது.

அந்த விளம்பர வரியை மறுபடி படித்துப் பாருங்கள். எல்லாப் பாகங்களையும் தாங்கும் பலகையான மதர்போர்டு அதில் இல்லை. எஸ்எம்பிஎஸ் என்று கடைகளில் சொல்லப்படும் பவர் சப்ளையும் இல்லை. எழுதப்பட்டிருப்பவை பெரும்பாலும் நாளை கழற்றி மாற்றக்கூடியவை. எழுதாமல் விட்ட இரண்டும்தான் மற்ற எல்லாவற்றின் தலையெழுத்தையும் தீர்மானிக்கின்றன. பின்னால் மாற்ற முடியாததை முதலில் தேர்ந்தெடுத்தால் பணம் வீணாவது குறையும். அந்த நோக்கில்தான் கீழே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

'ஐ7'-க்கு எத்தனை வயது?

ஐ3, ஐ5, ஐ7 என்பவை இன்டெல் நிறுவனப் பிராசஸர்களின் வகுப்புப் பெயர்கள். ரயிலில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்பதைப் போல. பெட்டி எந்த ஆண்டில் கட்டப்பட்டது என்பதை வகுப்பின் பெயர் சொல்லாது. அதைச் சொல்வது அதற்குப் பின்னால் வரும் எண்.

ஐ7-3770 என்றால் 3 என்பது தலைமுறை. அது 2012-இல் வெளிவந்தது. ஐ3-12100 என்றால் 12 என்பது தலைமுறை. 2022 ஜனவரியில் வந்தது. இரண்டிலும் 4 கோர்கள், 8 திரெட்கள். கோர் என்பது தனியாகக் கணக்குப் போடும் அலகு. திரெட் என்பது அந்த அலகு ஒரே நேரத்தில் கையில் எடுத்துக்கொள்ளும் வேலை இழைகளின் எண்ணிக்கை. எண்ணிக்கை ஒன்றாக இருந்தும், பெயரில் இரண்டு படி கீழே நிற்கும் அந்த ஐ3, பத்து வயது மூத்த ஐ7-ஐவிட ஏறத்தாழ இரு மடங்கு வேலை செய்கிறது. விளம்பரங்களில் 'ஐ7' மட்டும் கொட்டை எழுத்தில் இருந்து, அதற்குப் பின்னால் எண் இல்லாமல் போனால் அது அச்சுப்பிழை அல்ல.

பிராசஸர் தயாரிக்கும் மற்றொரு நிறுவனமான ஏஎம்டியிலும் இதே முறைதான். ரைசன் 5 5600, 7600, 9600எக்ஸ் ஆகியவற்றில் முதல் இலக்கமே வயதைக் காட்டும். மேசைக் கணினிப் பிராசஸர்களில் இன்டெல் 2024-இல் பெயரிடும் முறையை மாற்றி 'கோர் அல்ட்ரா 5 225' என்று மூன்று இலக்கங்களுக்கு வந்துவிட்டது. அங்கே 2 என்பது தொடரின் எண்.

வயது வெறும் வேகத்தோடு நிற்பதில்லை. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கிறது. இன்டெலில் 8-ஆம் தலைமுறை, ஏஎம்டியில் ரைசன் 2000 தொடர் ஆகியவற்றிலிருந்துதான் அதிகாரபூர்வ ஆதரவு தொடங்குகிறது. மூன்றாம் தலைமுறைக் கணினியில் 'விண்டோஸ் 11 போட்டுத் தருகிறோம்' என்றால், சோதனையை ஏமாற்றி நிறுவியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குப் புதுப்பிப்புகள் வருமென்று மைக்ரோசாஃப்ட் உறுதி தரவில்லை. லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கவலை இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

விளம்பரத்தின் மற்ற எண்களையும் இதே கண்ணோடு பார்க்கலாம். அந்த ஐ7 மூன்றாம் தலைமுறை என்றால், 16 ஜிபி ராம் டிடிஆர்3 என்ற பழைய வகையைச் சேர்ந்தது; இன்றைய பிராசஸர்களுக்கான எந்த மதர்போர்டிலும் அதைச் செருக முடியாது. '2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு' என்பது ஜிடி 710 போன்ற ஒன்றாக இருந்தால், 12-ஆம் தலைமுறைப் பிராசஸருக்குள்ளேயே வரும் கிராபிக்ஸ் அதைவிட மேல்.

மதர்போர்டு: மூன்று கதவுகள்

பிராசஸர், ராம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு ஆகிய அனைத்தும் வந்து உட்காரும் பலகைதான் மதர்போர்டு. அதை வாங்கும் நொடியில் மூன்று கேள்விகளுக்குப் பதில் எழுதி முடித்துவிடுகிறோம். எந்தப் பிராசஸர் பொருந்தும்? எந்த வகை ராம்? இன்னும் எத்தனை பாகங்கள் சேர்க்கலாம்?

முதல் கேள்விக்குப் பதில் சாக்கெட்டில் இருக்கிறது. பிராசஸர் அமரும் குழி அது. வீட்டுக் கணினிக்கு இன்று கருதத்தக்கவை நான்கு:

1. ஏஎம்4. 2016-இல் வந்த ஏஎம்டி சாக்கெட். டிடிஆர்4 ராம். ரைசன் 5 5600, 5600ஜி போன்றவை இதில் அமரும். இதற்கு மேல் ஏறப் படிகள் இல்லை.
2. ஏஎம்5. 2022 செப்டம்பரில் வந்தது. டிடிஆர்5 மட்டும். 2027-உம் அதற்குப் பிறகும் இந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி அறிவித்திருக்கிறது.
3. எல்ஜிஏ 1700. இன்டெலின் 12, 13, 14-ஆம் தலைமுறைகளுக்கானது. டிடிஆர்4 கேட்கும் போர்டுகளும் உண்டு, டிடிஆர்5 கேட்கும் போர்டுகளும் உண்டு. ஒரே போர்டு பெயரின் கடைசியில் 'டி4' என்று இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் சில நிறுவனங்களின் பெட்டிகளில் வேறுபாடு கண்டுபிடிக்க வேண்டும்.
4. எல்ஜிஏ 1851. 2024 அக்டோபரில் கோர் அல்ட்ரா 200 தொடரோடு வந்தது. டிடிஆர்5 மட்டும்.

குழி பொருந்தினால் மட்டும் போதாது என்பதற்கு 2017 நல்ல உதாரணம். இன்டெலின் 7, 8-ஆம் தலைமுறைகள் இரண்டுமே எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டைக் கொண்டவை. ஆனால் 7-ஆம் தலைமுறைப் போர்டில் 8-ஆம் தலைமுறைப் பிராசஸர் ஓடாது. புதுப் போர்டு வாங்கியே ஆக வேண்டியிருந்தது. இதற்கு நேர் எதிராக, அதே 2017-இல் ஏஎம்4 போர்டு வாங்கியவர்கள் 2022-இல் வந்த பிராசஸரைக்கூட அதே போர்டில் ஏற்ற முடிந்தது, பயாஸ் மட்டும் புதுப்பித்தால் போதும் என்ற நிலையில். பயாஸ் என்பது போர்டிலேயே பதிந்திருக்கும் சிறு மென்பொருள். எந்தப் பிராசஸரை அடையாளம் காண்பது என்பது அதற்குத்தான் தெரியும். கடையில் நெடுநாள் தேங்கிய போர்டையும் புதுப் பிராசஸரையும் சேர்த்து வாங்கினால், திரை கறுப்பாகவே நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். 'இந்தப் பிராசஸருக்கு ஏற்ற பயாஸ் இதில் இருக்கிறதா?' என்று வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.

அப்படியானால் எல்லோரும் ஏஎம்5 வாங்க வேண்டுமா? எதிர்காலத்துக்கு இடம் வைக்க வேண்டும் என்ற அறிவுரை கேட்கச் சுவையாக இருக்கும். நடைமுறையில் பெரும்பாலான வீடுகளில் கேபினெட்டைத் திறப்பது ராம் சேர்க்கவும், எஸ்எஸ்டி சேர்க்கவும்தான். பிராசஸரை மாற்றுபவர்கள் மிகச் சிலர். எனவே சாக்கெட்டின் எதிர்காலத்தைவிட, போர்டில் எத்தனை ஸ்லாட் இருக்கிறது என்பதே வீட்டுக்காரருக்கு அதிகம் பயன்படும் கேள்வி. எச்610 சிப்செட் போர்டில் ராமுக்கு இரண்டே ஸ்லாட், எம்.2 என்ற வடிவில் வரும் எஸ்எஸ்டிக்குப் பெரும்பாலும் ஒன்று. பி760 போர்டுகள் பலவற்றில் நான்கு ராம் ஸ்லாட்டும், இரண்டு எம்.2 இடங்களும் கிடைக்கும். சிப்செட் என்பது போர்டில் பிற பாகங்களுக்கான பாதைகளைப் பிரித்துக் கொடுக்கும் சில்லு. எச், பி, இசட் என்று இன்டெலிலும், ஏ, பி, எக்ஸ் என்று ஏஎம்டியிலும் படி உயரும். வீட்டுக்கு நடுப்படி போதும். பிராசஸர் பெயரின் கடைசியில் உள்ள 'கே', வேகத்தைக் கையால் கூட்டிக்கொள்ளும் உரிமை. இன்டெலில் அந்த உரிமை இசட் போர்டில் மட்டுமே செல்லும். எச்610 போர்டில் 'கே' பிராசஸர் வாங்குவது கூடுதல் பணம் கொடுத்துப் பூட்டிய அறையை வாடகைக்கு எடுப்பது.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. இவற்றின் உயர்வகைப் பிராசஸர்கள் அளவுக்கு மீறிய வோல்டேஜைக் கேட்டு வாங்கித் தம்மைத் தாமே தேய்த்துக்கொண்டது 2024-இல் தெரியவந்தது. அந்த ஆண்டு ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் பயாஸ் வழியாகத் திருத்தங்கள் வந்தன. இன்டெல் உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஆனால் ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரைத் திருத்தம் சரிசெய்யாது. ஆகவே இந்த வகையைப் பழையதாக வாங்குவது சூதாட்டம். 12-ஆம் தலைமுறைக்கு இந்தச் சிக்கல் இல்லை.

ராம் விலை ஏன் ஏறியது, என்ன செய்யலாம்?

உலகின் ராம் சில்லுகளில் மிகப் பெரும்பகுதியைத் தயாரிப்பவை சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று நிறுவனங்கள். செயற்கை நுண்ணறிவுச் சேவைகளை இயக்கும் தரவு மையங்களுக்கு எச்பிஎம் என்ற தனி வகை நினைவகம் தேவைப்படுகிறது. சில்லுகளை அடுக்குமாடி போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்வது அது. அதே அளவு டிடிஆர்5 நினைவகத்துக்குத் தேவையானதைப் போல ஏறத்தாழ மூன்று பங்கு சிலிக்கான் வட்டுப் பரப்பு அதற்கு வேண்டும். தொழிற்சாலை ஒரே நாளில் வளராது. எனவே எச்பிஎம்முக்குப் போகும் ஒவ்வொரு வட்டும் வீட்டு ராமிலிருந்து பிடுங்கப்படுவதே. பழைய டிடிஆர்4 உற்பத்தியையும் இந்நிறுவனங்கள் சுருக்கத் தொடங்கியதால், 'பழசு மலிவாக இருக்கும்' என்ற வழக்கமான கணக்கும் பொய்த்தது. 2025 டிசம்பரில் மைக்ரான் ஒருபடி மேலே போய், வீட்டுப் பயனர்களுக்கு 'குரூஷியல்' என்ற பெயரில் விற்றுவந்த ராம், எஸ்எஸ்டி வணிகத்தையே மூடுவதாக அறிவித்தது.

விலையைக் கட்டுப்படுத்த நம்மால் முடியாது. தவறாக வாங்காமல் இருக்க முடியும்.

டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 பின்கள்தான். ஆனால் அடியிலுள்ள வெட்டு வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றொன்றின் ஸ்லாட்டில் இறங்காது. வீட்டில் பழைய கணினியில் நல்ல டிடிஆர்4 ராம் 16 ஜிபி இருந்தால், இன்றைய விலையில் அது சிறு சேமிப்பு. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் எல்ஜிஏ 1700 அல்லது ஏஎம்4 போர்டை எடுப்பது இப்போதைக்கு மிக இலாபகரமான முடிவு. சில ஆண்டுகளுக்கு முன்பாக இருந்தால் இப்படி எழுதத் தோன்றியிருக்காது.

புதிதாக வாங்குபவர்களுக்கு எழும் கேள்வி: 8 ஜிபி இரண்டா, 16 ஜிபி ஒன்றா? ராமுக்கும் பிராசஸருக்கும் இடையே இரண்டு பாதைகள் உண்டு. ஒரே ராம் குச்சி போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். டிடிஆர்4-3200 ராமில் ஒரு பாதையின் வழியாக நொடிக்கு 25.6 ஜிபி போகலாம். இரண்டு குச்சிகள் என்றால் 51.2. உலாவி, கணக்கு, தட்டச்சு ஆகிய வேலைகளில் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது. தனிக் கிராபிக்ஸ் கார்டு இல்லாமல், பிராசஸருக்குள் இருக்கும் கிராபிக்ஸை வைத்து விளையாடினால் நன்றாகவே தெரியும். ஏனெனில் அந்தக் கிராபிக்ஸுக்கென்று சொந்த நினைவகம் கிடையாது, ராமைத்தான் கடன் வாங்குகிறது. ஆகவே தனிக் கார்டு இல்லாதவர்கள் இரண்டு குச்சியாகவே வாங்கலாம். கார்டு வைத்திருப்பவர்கள், அல்லது விலை இறங்கியதும் இன்னொன்று சேர்க்க எண்ணுபவர்கள் 16 ஜிபி ஒன்றோடு தொடங்கினால் பெரிய இழப்பில்லை. இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு 8 ஜிபி போட்டுவிட்டால், பிற்பாடு கூட்டுவதற்கு ஒன்றைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

ஒரு சிறு குறிப்பு: 6000 என்று அச்சிட்ட டிடிஆர்5 ராம், பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை இயக்கும்வரை 4800 போன்ற குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வேகத்துக்குக் காசு கொடுத்துவிட்டு, அந்தப் பொத்தானை ஒருமுறைகூட அழுத்தாதவர்கள் நிறையப் பேர்.

கிராபிக்ஸ் கார்டு வேண்டுமா?

பள்ளிப் பாடம், அலுவலகப் பணி, யூடியூப், தமிழ்த் தட்டச்சு, டேலி, சாதாரண நிழற்படத் திருத்தம் ஆகிய எதற்கும் வேண்டியதில்லை. முப்பரிமாண விளையாட்டு, வீடியோ படத்தொகுப்பு, பிளெண்டர் போன்ற முப்பரிமாண வரைகலை மென்பொருள்கள் என்றால் வேண்டும்.

வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் ஓர் எழுத்தைக் கவனிக்க வேண்டும். இன்டெலில் 'எஃப்' என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் இல்லை. ஐ5-12400 வாங்கினால் மானிட்டரை நேரே போர்டில் செருகலாம். ஐ5-12400எஃப் வாங்கினால் படமே வராது. ஏஎம்4-இல் ரைசன் 5 5600-க்குக் கிராபிக்ஸ் இல்லை, 5600ஜி-க்கு உண்டு. சில நூறு ரூபாய் மிச்சம் என்று 'எஃப்' வாங்கிவந்து, படம் வருவதற்காகவே ஒரு பழைய கார்டைத் தேடி அலைவது அடிக்கடி நடப்பது.

வேண்டும் என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கார்டின் சொந்த நினைவகம். இன்று 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். அதுவுமே புதிய விளையாட்டுகளில் மூச்சுத் திணறுகிறது. இன்டெலின் ஆர்க் பி580 கார்டில் 12 ஜிபி, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டியில் 8, 16 என இரண்டு வடிவங்கள், என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5060-இல் 8 ஜிபி.

எஸ்எம்பிஎஸ்: யானையும் அங்குசமும்

யானை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை அதிகம் நடக்கும் இடம் இது. மற்ற பாகங்கள் கெட்டால் அந்தப் பாகம் மட்டும் போகும். இது கெட்டால் கூட இருப்பவற்றையும் இழுத்துக்கொண்டு போகலாம்.

சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர் மின்சாரமாக மாற்றிக் கொடுப்பது இதன் வேலை. இன்றைய கணினியில் பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் உண்பது 12 வோல்ட் வரிசையிலிருந்து. ஆகவே பெட்டியின் மேல் எழுதிய வாட் எண்ணைவிட, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். '450 வாட்' என்று பெயர் பெற்ற மலிவுப் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு 16 ஆம்பியர் என்றிருந்தால், பெருக்கிப் பாருங்கள்: 192 வாட். மீதி வாட்டெல்லாம் யாரும் உண்ணாத பந்தியில் பரிமாறப்படுகிறது.

தேவையைக் கணக்கிடுவது கடினமில்லை. ஐ5-12400, ஆர்டிஎக்ஸ் 5060 கொண்ட ஒரு கணினியை எடுத்துக்கொள்வோம்:

1. பிராசஸர் உச்சத்தில் 117 வாட்.
2. கிராபிக்ஸ் கார்டு 145 வாட்.
3. போர்டு, ராம், எஸ்எஸ்டி, மின்விசிறிகள் சேர்த்துத் தாராளமாக 60 வாட்.
4. மொத்தம் 322 வாட். நொடிப்பொழுதுத் தாவல்களுக்கும் வயதாவதற்கும் இடம் விட்டால் 550 வாட் போதும்.

750 வாட் வாங்கச் சொல்பவர்கள் உங்கள் பயத்தை விற்கிறார்கள். அதே கணினியில் தனிக் கார்டு இல்லையென்றால் நல்ல 400 வாட் பெட்டியே அதிகம்.

'80 பிளஸ்' முத்திரையைப் பற்றியும் தெளிவு வேண்டும். 2004-இல் தொடங்கிய இந்தத் தரச்சான்று, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு பங்கு வெப்பமாக வீணாகாமல் கணினிக்குப் போய்ச் சேர்கிறது என்பதை மட்டும் அளக்கிறது. 115 வோல்ட் சோதனையில் பாதிச் சுமையின்போது பிரான்ஸ் 85 சதவீதமும், கோல்டு 90 சதவீதமும் எட்ட வேண்டும். கோல்டு வாங்கினால் மின்கட்டணம் குறையும் என்ற வாதத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கணினி 150 வாட் உண்கிறது என்றால் பிரான்ஸ் சுவரிலிருந்து 176 வாட்டும், கோல்டு 167 வாட்டும் இழுக்கும். நாளுக்கு ஆறு மணி நேரம், இரு மாதம் ஓடினால் மிச்சம் ஏறத்தாழ மூன்றரை யூனிட். அதற்காகக் கோல்டு வாங்க வேண்டியதில்லை. அந்த விலையில் உள்ளே நல்ல பாகங்கள் போடப்பட்டிருப்பதும், உத்தரவாதம் நீளமாக இருப்பதும்தான் கோல்டின் உண்மையான இலாபம். முத்திரையே இல்லாததை மட்டும் தொட வேண்டாம்.

யுபிஎஸ் இருந்தும் கணினி ஏன் அணைகிறது?

மின்சாரம் போன அடுத்த நொடியில், யுபிஎஸ் பீப் அடித்துக்கொண்டிருக்கும்போதே கணினி மறுதொடக்கம் ஆவது நம் ஊரில் பலருக்கும் பழக்கமான எரிச்சல். குற்றம் யுபிஎஸ் மேல் விழுகிறது. பல நேரங்களில் காரணம் எஸ்எம்பிஎஸ்.

வீட்டு யுபிஎஸ், மின்சாரம் போனதை உணர்ந்து பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில் எஸ்எம்பிஎஸ், தன் பெரிய கெப்பாசிட்டரில் தேக்கிவைத்த மின்சாரத்தைக் கொண்டு கணினியைத் தாங்க வேண்டும். நல்ல பெட்டி முழுச் சுமையிலும் 16 மில்லி விநாடி வரை தாங்கும். மலிவுப் பெட்டியில் கெப்பாசிட்டரைச் சிறிதாகப் போட்டுக் காசு மிச்சம் பிடித்திருப்பார்கள். யுபிஎஸ் வந்து சேர்வதற்குள் தேக்கம் வற்றிவிடும்.

இரண்டாவது காரணம் சுமை. 600 விஏ என்று எழுதிய யுபிஎஸ் தருவது 600 வாட் அல்ல. பெரும்பாலும் 360 வாட். மேலே கணக்கிட்ட கணினி உச்சத்தில் உண்ணும் 322 வாட்டை, 85 சதவீதத் திறனில் வகுத்தால் சுவரில் 379 வாட். மானிட்டரையும் சேர்த்தால் 400 வாட்டைத் தாண்டும். விளையாடும்போது மின்சாரம் போனால் அந்த யுபிஎஸ் கைவிட்டுவிடும். கடிதம் தட்டச்சு செய்யும்போது போனால் பிரச்சினையே வராது. அதனால்தான் 'சில நேரம் தாங்குகிறது, சில நேரம் தாங்கவில்லை' என்ற புதிர்.

மூன்றாவது, அலை வடிவம். வீட்டு இன்வர்ட்டர்களில் மலிவானவை சதுர அலை தருபவை. தரமான எஸ்எம்பிஎஸ்களில் இருக்கும் 'ஆக்டிவ் பிஎஃப்சி' சுற்று, வளைந்தேறி இறங்கும் சைன் அலையை எதிர்பார்ப்பது. சதுர அலையைக் கண்டு சில பெட்டிகள் சத்தம் போடும், சில அணைந்தே விடும். வீட்டில் இருப்பது எந்த வகை இன்வர்ட்டர் என்று பார்த்துவிட்டு எஸ்எம்பிஎஸ் வாங்கலாம். புதிதாக இன்வர்ட்டர் வாங்குவதானால் சைன் அலை வகையே கேட்கலாம்.

இதோடு சேர்ந்த இன்னொரு தொல்லை: கேபினெட்டில் புறங்கை பட்டால் சுரீரென்று இலேசான அதிர்ச்சி. எஸ்எம்பிஎஸ்ஸின் வாயிலில், மின் இரைச்சலை வடிகட்ட இரண்டு சிறு கெப்பாசிட்டர்கள் இருக்கும். ஒன்று பேஸ் கம்பியிலிருந்தும், மற்றது நியூட்ரலிலிருந்தும் உலோக உடலுக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் சரியாக இருந்தால் கசியும் சிறு மின்னோட்டம் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் உலோக உடல் இரண்டுக்கும் நடுவே, 230-இல் பாதியாகிய 115 வோல்ட் அளவில் மிதக்கும். மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால் சுரீரோடு போகிறது. கணினியை மாற்றியும் இது தீராது. சுவரில் உள்ள மூன்று பின் பிளக்கின் எர்த்தை எலக்ட்ரீஷியன் பார்க்க வேண்டும். புதிய கணினிக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய முதல் வேலையே இதுதான் என்பேன்.

எஸ்எஸ்டி, கேபினெட், மானிட்டர்

பழைய ஹார்டு டிஸ்கிலிருந்து எஸ்எஸ்டிக்கு மாறுவது பெரிய தாவல். எஸ்எஸ்டிக்குள்ளேயே வேகம் தேடுவது சிறிய தாவல். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை நொடிக்கு ஏறத்தாழ 550 எம்பி, என்விஎம்இ என்ற புதிய வகையில் மூன்றாம் தலைமுறை 3500, நான்காம் தலைமுறை 7000 எம்பி. விண்டோஸ் திறக்கும் நேரத்தில் பின்னிரண்டுக்கும் வேறுபாடு காண்பது கடினம். எம்.2 என்பது வடிவத்தின் பெயர் மட்டும். அதே வடிவத்தில் சாட்டாவும் வரும், என்விஎம்இயும் வரும். போர்டின் ஸ்லாட் எதை ஏற்கிறது என்று பார்த்துக்கொள்ளவும்.

கேபினெட்டில் விளக்கு அலங்காரத்தைவிட முன்பக்கம் காற்று நுழையும் வலை இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. வெளிநாட்டு விமர்சனங்களில் வரும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் இருபதுகளில் இருக்கும் அறை வெப்பத்தில் எடுக்கப்பட்டவை. மே மாதத்து வேலூரிலோ திருச்சியிலோ குளிர்சாதனம் இல்லாத அறை 36 டிகிரியில் இருந்தால், அறை வெப்பத்தின் அந்த வித்தியாச அளவுக்குப் பிராசஸரின் வெப்பமும் ஏறக்குறையக் கூடும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினெட் இங்கே அடுப்பு. வலையின் பின்னால் கழுவக்கூடிய தூசி வடிகட்டி இருந்தால் மாதமொரு முறை தண்ணீரில் அலசி மாட்டலாம்.

மானிட்டரைப் பொறுத்தவரை, தமிழ் படிப்பவர்களுக்கென்று ஒரு வாதம் உண்டு. 24 அங்குலத்தில் 1920×1080 புள்ளிகள் என்றால் அங்குலத்துக்கு 92 புள்ளி. அதே 1080-ஐ 27 அங்குலத்துக்கு நீட்டினால் 82 ஆகிவிடும். ஆங்கில எழுத்து இதைத் தாங்கிக்கொள்ளும். நம் 'ஞூ', 'ணை', 'ழூ' போன்றவற்றின் சுழிகள் சிறிய எழுத்தளவில் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். 27 அங்குலம்தான் வேண்டும் என்றால் 2560×1440 வாங்குவது கண்ணுக்கு நல்லது. இல்லையென்றால் 24-இலேயே நிற்கலாம்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்

நிறுவனம் கட்டித் தரும் கணினிக்கு ஒரே உத்தரவாதம். உறுப்பு உறுப்பாக வாங்கினால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்தாண்டு, பிராசஸருக்கு மூன்றாண்டு, கீபோர்டுக்கு ஓராண்டு என்று வெவ்வேறு காலம். பழுதானால் வெவ்வேறு சேவை மையம்.

1. ஜிஎஸ்டி எண்ணுடன் கூடிய பில்லில் ஒவ்வொரு பாகமும் தனி வரியாக, முழு மாடல் எண்ணோடு இருக்க வேண்டும். 'அசெம்பிள்டு சிஸ்டம் – 1' என்ற ஒற்றை வரி பில், இரண்டாம் ஆண்டில் எந்தச் சேவை மையத்திலும் பேச்சை நீட்டிக்காது.
2. சீரியல் எண்கள் பில்லில் எழுதப்பட வேண்டும். பாகத்தின் மேல் உள்ளதோடு கடையிலேயே ஒப்பிட வேண்டும்.
3. பிராசஸர் 'பாக்ஸ்' வகையா, 'ட்ரே' வகையா என்று கேட்க வேண்டும். ட்ரே என்பது கணினி தயாரிப்பவர்களுக்கு மொத்தமாகப் போவது. மூன்றாண்டு நிறுவன உத்தரவாதம் பெட்டியில் வருவதற்குத்தான். ட்ரேக்குக் கடைக்காரரின் வார்த்தையே உத்தரவாதம்.
4. எல்லா அட்டைப்பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அசெம்பிள் செய்த கடையில் அவை குப்பைக்குப் போய்விடும். எஸ்எம்பிஎஸ்ஸின் கூடுதல் கேபிள்களும், போர்டின் எம்.2 திருகும் பெரும்பாலும் அவற்றுக்குள்தான் கிடக்கும்.